உள்ளே யாரோ தட்டுகிறார்கள்

லாரியின் அடியிலிருந்து கொஞ்சம் இறக்கிய என்ஜின் எண்ணெயில் விரலை முக்கி எடுத்து, வெயிலில் நீட்டிக் காட்டினார் மெக்கானிக். விரல் நுனி மினுமினுத்தது.

"பார்த்தியா? இரும்புத் தூள். உன் என்ஜின் தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்கு."

லாரிக்காரர் பார்த்தார். பொதுவாகவே அவர் எதையும் வாய் திறந்து சொல்கிற ஆளில்லை. லோடு ஏற்றும் இடத்தில் மற்ற டிரைவர்கள் அவருக்குக் கப்சிப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது; அதை எடுத்துப் பயன்படுத்த இப்போது யாரும் இல்லை. இந்த மெக்கானிக்கும் பேச்சில் சிக்கனம்தான், ஆனால் அது வேறு வகை. அவருக்கு நேரமில்லை, இவருக்கு ஆளில்லை.

"உள்ள பேரிங் தேஞ்சு போச்சு. பிஸ்டன் ராடு ஆடுது. நீ சொல்ற டொக் டொக் அதுதான். நிறுத்திடு, பிரிக்கணும்."

"ஓடாதா?"

"ஓடும். எவ்வளவு நாள்னு மட்டும் கேக்காதே. ஒரு நாள் அந்த ராடு என்ஜின் சுவத்தை உடைச்சுக்கிட்டு வெளிய வந்து உனக்கு வணக்கம் சொல்லும். நீ அப்போ மேட்டுல இருக்கியா, சந்தைக்குள்ள இருக்கியான்னு அது பார்க்காது."

பிரித்தால் எவ்வளவு நாளாகும் என்று கப்சிப் கேட்டார். பாகங்கள் பட்டறைக்குப் போய்க் கடைந்து வர வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "வீட்ல ஜம்முனு உக்காந்து ஓய்வெடு. யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்?" என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டார். அங்கேதான் கெட்டது.

வீடு என்பது டயர்க் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு தம்ளர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பழைய வீட்டைக் காலி செய்து, சாமான்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஓர் ஆளுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வந்திருந்தார். அப்போது அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய சத்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்தே அவர் பாதி நாள் லாரியிலேயே சாப்பிட்டு லாரியிலேயே படுத்தார். லாரியில் ஏதாவது ஒன்று பேசிக்கொண்டே இருக்கும். கதவு கிறீச்சிடும், கண்ணாடி நடுங்கும், என்ஜின் உறுமும்.

அந்த அறையில் ஒரு மாதமா? ராடு வெளியே வந்து வணக்கம் சொன்னால் சொல்லட்டும். யாராவது ஒருவர் சொன்னால் சரி.

"பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மெக்கானிக் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

கப்சிப் ஏற்றுகிற லோடு காலித் தண்ணீர்த் தொட்டிகள். பிளாஸ்டிக் தொட்டிகள், ஆள் உயரம். எடை இல்லாத லோடு என்பதால் அடிபட்ட என்ஜினுக்கு நல்லதுதான் என்று நினைத்தார். காலித் தொட்டி மேளத்துக்குச் சமம் என்பதை யோசிக்கவில்லை. என்ஜினில் ஒரு டொக் விழுந்தால் பின்னால் அத்தனை தொட்டிகளும் அதை வாங்கி டொம் என்று திருப்பிச் சொல்லின. சந்தை வழியாகப் போனபோது ஜனங்கள் ஊர்வலம் வருகிறது என்று கடைகளை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். கப்சிப்புக்கு உடம்பு கூசியது. இத்தனை பேர் தன்னைப் பார்த்து எவ்வளவோ வருஷமாகிறது என்றும் பட்டது.

லோடு ஏற்றும் இடத்தில் இன்னொரு டிரைவர் இருந்தார். அவருக்கு ஹாரன் என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. சத்தத்தைக் கேட்டு ஹாரன் ஓடி வந்து, தனக்குத் தெரிந்த கிழட்டு மெக்கானிக் ஒருவரைப் பற்றிச் சொன்னார். தொழிலை விட்டுவிட்டாராம், வேறு ஊரில் இருக்கிறாராம். ஆனால் போனில் என்ஜின் சத்தத்தை வைத்தால் போதும், உள்ளே எது உடைந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நாள் ஓட்டலாம் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாராம்.

"ஒண்ணு மட்டும். பேரு, ஊரு, குடும்பக் கதைன்னு ஆரம்பிச்சா வச்சிருவாரு. போனை என்ஜின்கிட்ட வை. மத்தது அவர் பாடு," என்றார் ஹாரன்.

இப்படி ஒரு மனிதர் கப்சிப்புக்காகவே பிறந்திருக்க வேண்டும். ஹாரன் சொன்ன போன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு பழக்கதோஷத்தில் எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பியை உருவி அதே கையால் வழித்துவிட்டார். கடைசி எண் ஒன்றா ஏழா என்று தெரியாமல் போனது. ஹாரன் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஏழு மாதிரி பட்டது.

அன்று சாயங்காலம் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, அந்தப் போன் எண்ணைப் போட்டார். ஒரு கிழக் குரல் "யாரு?" என்றது. "லாரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்ஜின் பக்கத்தில் நீட்டினார். டொக் டொக் டொக். நல்ல நிதானமான ஓட்டம். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

அந்தப் பக்கம் மௌனம். பெரிய மனிதர் யோசிக்கிறார் என்று கப்சிப் காத்திருந்தார்.

"இன்னொரு தடவை வைங்க, பார்க்கலாம்," என்றது குரல்.

வைத்தார். மறுபடி மௌனம். பிறகு, "ரொம்ப நாளா இருக்கா இந்தச் சத்தம்?" கொஞ்ச நாளாக என்றார் கப்சிப். "ராத்திரி தூங்க முடியுதா?" அது பரவாயில்லை என்றார். "சாப்பாடு?" இனிமேல்தான் என்றார். என்ஜினைப் பற்றி இப்படி ஆளை வைத்துக் கண்டுபிடிக்கிற மெக்கானிக்கை அவர் பார்த்ததே இல்லை. ஓட்டவா, நிறுத்தவா என்று கேட்டார்.

குரல் தயங்கியது. "அவசரப்பட்டு எதையும் நிறுத்த வேண்டாங்க. வேணும்னா எண்ணெய் கிண்ணெய் மாத்திப் பாருங்களேன். நாளைக்கு எப்படி இருக்குன்னு நானே கேக்கறேன்."

நானே கேக்கறேன். கப்சிப் போனைப் பையில் போட்டுவிட்டு அப்படியே நின்றார். தூர தேசத்தில் இருக்கிற மகள் எப்போதாவது கூப்பிடுவாள். அதுவும் அங்கே ஏதோ ஒன்று அடுப்பில் இருக்கும்போதுதான். போன தடவை, "என்னப்பா, லாரியில இருக்கேன்னு சொல்றீங்க, என்ஜின் சத்தமே கேக்கல? இந்த போனை மாத்துங்க, நீங்க பேசறது மட்டும்தான் வருது," என்று சொல்லிவிட்டு வைத்தாள். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி நாளைக்கே கூப்பிடப்போகிற ஆள் என்று அவர் வாழ்க்கையில் இப்போது எவரும் இல்லை.

மறுநாள் எண்ணெயை மாற்றினார். பெரியவர் சொன்னது சும்மாவா இருக்கும் என்று, கடையில் இருந்ததிலேயே கெட்டியான எண்ணெயாகக் கேட்டு வாங்கி ஊற்றினார். சத்தம் பாதியாகக் குறைந்தது. கப்சிப்புக்குச் சந்தோஷத்தோடு ஒரு திடுக்கிடலும் வந்தது. முழுக்கக் குறைந்துவிட்டால் சாயங்காலம் எதைக் கேட்க வைப்பது?

கவலையே வேண்டியிருக்கவில்லை. கெட்டி எண்ணெயின் அழுத்தம் தாங்காமல் வடிகட்டி பிய்த்துக்கொண்டது, அதுவும் தொட்டித் தொழிற்சாலையின் வாசலில். காவலாளி அப்போதுதான் வெள்ளைக் காலணிக்குப் பாலிஷ் போட்டுவிட்டு எழுந்தார். கறுப்பு எண்ணெய் அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. வழுக்கி விழுந்து எழுந்தவர் அன்று முதல் கப்சிப்பின் லாரிக்குக் கேட்டைக் கடைசியாகத்தான் திறந்தார். சத்தம் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

சாயங்காலம் சொன்ன நேரத்துக்குப் போன் அடித்தது. கேட்டுவிட்டுப் பெரியவர், "பாவம். கொஞ்சம் ஓய்வு குடுத்துக் குடுத்துச் செய்ங்களேன்," என்றார். பின்னால் ஒரு பெண் குரல் சிரிப்போடு, "மாமா, லாரி வந்துடுச்சா?" என்று கேட்டது. பெரியவருக்கு நிறைய லாரிக்காரர்கள் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபோது கப்சிப்புக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

ஓய்வு கொடுத்தார். மரத்தைக் கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கிளப்பினார். தேய்ந்த பேரிங்குக்குக் கிளப்புகிற நிமிஷம்தான் எமன் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் உள்ளே யாரோ உலக்கையால் இடித்தார்கள். தொட்டிகள் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. தொட்டிக் கடைக்காரர் திட்டினார். கப்சிப் காதில் வாங்கவில்லை. போன் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பெரியவர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். "எனக்கும் வலது முட்டி இப்படித்தாங்க டொக்குனு சத்தம் போடுது. வலிக்கிற கால்ல பாரத்தைப் போடாதீங்க, மத்த கால் பார்த்துக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றார்.

கப்சிப்புக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியவர்கள் நேராகச் சொல்லமாட்டார்கள், இப்படி ஒரு கதையில் வைத்துத்தான் சொல்வார்கள். வலிக்கிற காலில் பாரத்தைப் போடாதே! மறுநாள் காலையில் எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குப் போகிற டீசல் குழாயைக் கழற்றி விட்டார். பாரம் போட்டால்தானே சத்தம்? மற்ற சிலிண்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சத்தம் குறைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் லாரி நொண்டியது. நொண்டி, குலுங்கி, தூக்கித் தூக்கிப் போட்டது. பல் அடித்துக்கொண்டது. பக்கக் கண்ணாடி முதலில் தன்னைத்தானே வேறு பக்கம் திருப்பிக்கொண்டது, பிறகு கழன்று விழுந்தது. ஒரு தொட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்து, தெருவில் உருண்டு, ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் போய் நின்றது. பாதி முகம் சவரமான ஒருவர் நுரையோடு வெளியே வந்து அதைப் பிடித்துக் கொடுத்தார். கப்சிப் அவருக்கு நன்றி சொன்னார். அவர் வேறு ஏதாவது பேசுவாரா என்று கொஞ்சம் நின்றார். அந்த மனிதர் மீதி முகத்துக்கு உள்ளே போய்விட்டார்.

அடுத்து வந்தது ஒரு நீண்ட இறக்கம். மேட்டின் உச்சிக்கு வந்தபோது எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தது. அணைந்து, மறுபடி எரிந்தது. டொக் இப்போது டொக்காக இல்லை. உள்ளிருந்து கதவை உடைக்கிற மாதிரி இருந்தது. இறக்கத்தின் அடியில் சந்தை. கூடைகளும் வண்டிகளும் குழந்தைகளும்.

கப்சிப் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. ஓட்டவா, நிறுத்தவா? முதன்முறையாக அவரே பெரியவரைக் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மத்தியானத் தூக்கமாக இருக்கலாம்.

கையை ஸ்டீயரிங்கின்மேல் வைத்துக்கொண்டு யோசித்தார். இறக்கத்தில் ராடு வெளியே வந்தால் என்ஜின் இறுகிவிடும். எண்ணெய் கொட்டி டயர் வழுக்கும். கீழே இருக்கிறவர்கள் கதி? தன் கதியைப் பற்றி அவருக்கு அவ்வளவாகப் பயம் வரவில்லை. அப்புறம் ஒன்று தோன்றியது. தானே இல்லாமல் போய்விட்டால், சாயங்காலம் அந்தப் போன் அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும். பெரியவர் என்ன நினைப்பார்? எடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

சாவியைத் திருப்பி அணைத்தார். மேட்டின்மேல் திடீரென்று அவ்வளவு அமைதி. கப்சிப்புக்கு அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழுதார்.

லாரியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டார்கள். அவர் அடியில் படுத்துப் பார்த்தார், கழற்றிவிட்ட குழாயைப் பார்த்தார், கெட்டி எண்ணெயை மோந்து பார்த்தார். "யாருய்யா உனக்கு இந்த யோசனையெல்லாம் குடுத்தது?" என்றார்.

"ஒரு பெரியவர்."

"அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும். இன்னும் ஒரு யோசனை குடுத்திருந்தா என்ஜினைக் கூடையிலதான் அள்ளியிருப்போம்."

கப்சிப் அறைக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அந்தச் சத்தம் கேட்டது. ஒரு மாதத்துக்கு மேல் என்று மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது.

போன் அடித்தது.

"எப்படி இருக்கு? வைங்க, பார்க்கலாம்," என்றார் பெரியவர்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான். என்ஜினைப் பிரித்தாயிற்று, சத்தம் இல்லை, உங்கள் உதவிக்கு நன்றி. சொல்லலாம். சொன்னால் பெரியவர், ரொம்ப நல்லது என்பார். நாளைக்கு எதற்குக் கூப்பிடுவார்? வைத்தியம் முடிந்த நோயாளியை எந்த வைத்தியர் தினமும் கூப்பிடுகிறார்?

கப்சிப் போனை நாற்காலியில் வைத்தார். கவிழ்த்திருந்த தட்டை எடுத்தார். கரண்டியை எடுத்தார்.

டொக். டொக். டொக்.

இத்தனை நாள் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் செய்தவருக்கு அதன் நடை அத்துப்படி. தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"நேத்தைவிட நல்லா கேக்குதே," என்றார் பெரியவர். "இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."

அப்படியாக ஆரம்பித்தது. மறுநாள், வெறும் டொக் மட்டும் இருந்தால் சந்தேகம் வரும் என்று, தட்டிக்கொண்டே வாயால் உர்ர்ர் என்று உறுமவும் செய்தார். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கிற மாதிரி உறுமலைக் கூட்டினால் தட்டலையும் வேகமாக்க வேண்டும். ஒரு கை, ஒரு வாய், இரண்டும் ஒத்துழைக்க நல்ல பழக்கம் தேவைப்பட்டது. பகலெல்லாம் பழகினார். கீழே டயர்க்கடைக்காரர் என்ன இடி என்று பார்க்க மாடிக்கு வந்தார். வயதான மனிதர் ஒருவர் கண்ணை மூடி உதட்டைக் குவித்து உறுமிக்கொண்டு, போனுக்கு எதிரே தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். டயர்க்கடைக்காரர் சத்தம் போடாமல் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கப்சிப்பைப் பார்க்கும்போதெல்லாம் மெதுவான குரலில், "உடம்பு பரவாயில்லையா?" என்று விசாரித்தார்.

இல்லாத என்ஜினுக்கு வியாதி கற்பனை செய்வதும் லேசான வேலையில்லை. நேற்று கூடிய சத்தம் இன்று ஏன் குறைந்தது என்று காரணம் தயாராக இருக்க வேண்டும். நல்ல வேளையாகப் பெரியவர் காரணங்களை அதிகம் கேட்பதில்லை. முதலில், "சாப்பிட்டாச்சா?" என்பார். இல்லை என்றால், "முதல்ல சாப்பிட்டு முடிங்க, அப்புறம் சத்தம் வைங்க, அவசரமில்லை," என்று காத்திருப்பார். அவர் மனைவியும் போய்விட்டாராம். மகன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவானாம், மருமகள் நல்ல மாதிரி, ஆனால் அவளுக்கும் எத்தனை வேலை என்றெல்லாம் சொன்னார், தன் ஊரையும் சொன்னார். கப்சிப்பும் சொன்னார். தன் மனைவிக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளப் பிடிக்காது என்பதை, எவரிடமும் சொல்லாததை, ஒரு நாள் தட்டலுக்கு நடுவில் சொன்னார். சத்தம் வைக்கும்போது சில சமயம் போனில் அந்தப் பக்கத்திலிருந்தும் மெல்லிதாக ஏதோ தட்டுவது போல் கேட்கும். லைன் சரியில்லை என்று விட்டுவிட்டார்.

சந்தோஷமாக இருந்தார் என்பதை மறைப்பானேன். உறுத்தலாகவும் இருந்தது. அவ்வளவு பெரிய மெக்கானிக், அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார். அவருக்குத் தான் வைப்பது ஒரு தகரச் சத்தம். தன்மேலேயே வெறுப்பு வரும். மணி அடித்ததும் கரண்டியைத் தேடுவார்.

லாரி தயாரானது. மெக்கானிக் சாவியைத் திருப்பினார். பட்டு மாதிரி ஓடியது. ஒரு டொக் இல்லை. கப்சிப் காதைச் சாய்த்துத் தேடிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

தொழிற்சாலையில் ஹாரன் அவரைப் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, பெரிய மெக்கானிக்கை நேத்து நேர்ல பார்த்தேன். உங்ககிட்ட இருந்து போனே வரலைன்னாரே. நான் எவ்வளவு சொல்லி வச்சிருந்தேன்."

எண்களை ஒப்பிட்டார்கள். ஏழு இல்லை, ஒன்று.

கப்சிப் லாரியில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் கிளப்பவில்லை. அப்படியென்றால் அது யார்? யாரோ ஒரு கிழவர் சொன்ன பேச்சைக் கேட்டா எண்ணெயை ஊற்றி, குழாயைக் கழற்றி, வண்டியைக் குட்டிச்சுவராக்கினேன்? கோபம் வந்தது. ராங் நம்பர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன். கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் மெக்கானிக் இல்லாமல் மெக்கானிக்காக இருந்தார். இவர் சத்தம் இல்லாமல் சத்தம் வைத்தார். இரண்டு பேரில் யார் யாரைக் கேட்பது? இனிமேல் அந்தப் போனுக்கு எந்தக் காரணமும் மிச்சமில்லை என்பதுதான் கடைசியாக மனதில் தங்கியது. அதுதான் வலித்தது.

சாயங்காலம் மணி அடித்தது. நீங்கள் யார் என்று கேட்டுவிடுவதாக இருந்தார். "சாப்பிட்டாச்சா?" என்றது குரல். கேள்வி வாயிலேயே கரைந்துவிட்டது. நாளை மறுநாள் உங்கள் ஊருக்கு லோடு வருகிறது, ஒரு எட்டுப் பார்க்கலாமா என்றார்.

"லோடா? லாரியிலயா வர்றீங்க?"

"ஆமாங்க."

"சரி. எதுல வந்தாலும் சரி, வாங்க," என்று பெரியவர் வழி சொன்னார்.

கப்சிப் சட்டையைத் தோய்த்துப் போட்டார், லாரியைக் கழுவினார், வழியெல்லாம் பேச்சை மனப்பாடம் செய்தார். முதலில் மன்னிப்பு, அப்புறம் தட்டு, கடைசியில் நன்றி. அந்தத் தெரு குறுகல். லாரி சத்தமே இல்லாமல் நுழைந்ததில் நடுவே படுத்திருந்த நாய்கூட எழுந்திருக்கவில்லை. இறங்கிப் போய் எழுப்ப வேண்டியிருந்தது.

வீட்டு வாசலில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போனில் கேட்ட அதே சிரிக்கும் குரலில், யார் வேண்டும் என்று கேட்டாள். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து போனது. பெயர் போதாதா, கப்சிப்தானே.

"தினம் சாயங்காலம்... போன்ல... லாரிச் சத்தம்..." என்றார். "இப்போ சத்தம் இல்லைங்க. சரி பண்ணியாச்சு. அதைப் பெரியவர்கிட்ட சொல்லணும்."

அவள் கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட மறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், வலது கையைப் பார்த்தாள். அவர் தோளுக்கு மேலே எட்டி, தெருவை அடைத்துக்கொண்டு நின்ற லாரியை டயரிலிருந்து உச்சித் தொட்டி வரைக்கும் நம்பாமல் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"மாமா, சீக்கிரம் வந்து பாருங்களேன், நம்ம தட்டுக்காரர்கிட்ட நெஜமாவே ஒரு லாரி இருக்கு."